திரை மாறிய பின் திறன் இழக்கும் கைப்பேசி



திறன்பேசி கீழே விழுந்து திரை உடைவதும், அதைக் கடையில் கொடுத்து மாற்றுவதும் இன்று எல்லா வீடுகளிலும் நடப்பவைதாம். எங்கள் லிங்கி வட்டாரத்தில் அதற்கான வாய்ப்புகள் சற்றுக் கூடுதல். செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்க்கும்போது சட்டைப்பையிலிருந்து பேசி நழுவும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் குலுங்கும்போது தெறித்து விழும். ஒரே பேசிக்கு மூன்று பிள்ளைகள் போட்டியிடும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உடைந்த திரையை மாற்றப் போர்ட்டிக்சனுக்கோ சிரம்பானுக்கோ போகவேண்டும். அரைநாள் வேலையும் போகும்; போக்குவரத்துச் செலவும் ஆகும்.

இப்பதிவு திரை உடைவதைப் பற்றியது அன்று. திரையை மாற்றிய பின் நிகழ்வதைப் பற்றியது. கடையிலிருந்து திரும்பி வரும் பேசி பளபளவென்று இருக்கும். விரல் பட்டால் படம் நகரும். மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவோம். அன்று மாலையே குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். யாரேனும் அழைத்தால் திரை இருண்டுவிடும். பேசி முடித்தபின் அழைப்பைத் துண்டிக்க வழியிராது. வெயிலில் திரை தானாக வெளிச்சமாகாது. மறுமுனையில் பேசுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கைவிரல் ரேகையை வைத்தால் பேசி திறக்காது. மீண்டும் கடைக்குப் போனால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "பழைய போன், அப்படித்தான் இருக்கும். புதுசு வாங்கிடுங்க."

அந்த விடையை உடனே ஏற்றுக்கொள்ளவேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். பழுது எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிந்தால், பல வேளைகளில் புதிய பேசி தேவைப்படாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, எங்கள் வகுப்பறை ஒரே நாளில் பெற்றோரின் கைப்பேசிக்குள் குடியேறியது. அன்று தொடங்கிப் பெற்றோர் பேசிக் கோளாறுகளை ஆசிரியர்களிடம் சொல்லும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பள்ளிகள் மீண்டும் திறந்து ஆண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் நிற்கவில்லை. பள்ளி அறிவிப்புகள் புலனத்தில் போகின்றன. அப்பாவின் சம்பளம், அரசாங்க உதவித்தொகை, மின்கட்டணம் யாவும் அதே பேசிக்குள்தான் இருக்கின்றன.

வங்கிக் காரியம் இதில் முதன்மையானது. இணையமோசடிகள் பெருகியதால் பேங்க் நெகாரா 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கிகளுக்குச் சில கட்டளைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறவேண்டும். ஒருவர் தம் பணப்பரிமாற்றங்களை உறுதிப்படுத்த ஒரே ஒரு கருவியைத்தான் பதிந்துவைக்கலாம். புதிதாகப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்கவேண்டும். இவை நல்ல பாதுகாப்புகளே. ஆயினும் அந்த ஒரே கருவியில் ரேகை வேலை செய்யாமற்போனால் வீட்டுச் செலவே தடைப்படும் என்பதையும் நாம் உணரவேண்டும்.

ஒரு தாயின் பேசி

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்டுவிட்டுத் தயங்கி நின்றார். "டீச்சர், திரை மாத்துனதுலருந்து கைரேகை எடுக்கல. போன் வந்தா கறுப்பாயிடுது. கடையில புதுசுதான் எடுக்கணும்னு சொல்றாங்க. ஒரு வருசத்துக்குத் தவணை கட்டணுமாம்" என்றார். அவருடைய குரலில் இருந்த கவலை பேசியைப் பற்றியது அன்று. அந்த ஓராண்டுத் தவணையைப் பற்றியது. மகளுக்குப் பள்ளிப் பேருந்துக் கட்டணம் கட்டவேண்டிய அதே பணம்.

"பொறுங்கம்மா, முதல்ல எது கெட்டிருக்குன்னு பார்ப்போம்" என்று அவரை அமரச் சொன்னேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கணிதம் கற்பிக்கும் முறையைப் படித்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு பாடம் இத்தகைய வேளைகளில் எனக்குக் கைகொடுக்கிறது. 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதும் மாணவன் கவனக்குறைவால் அப்படி எழுதுவதில்லை. எந்த வரிசையிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கவேண்டும் என்று அவனாகவே ஒரு விதி வைத்திருக்கிறான். விடையை அழித்து 25 என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த கணக்கிலும் அதே பிழை வரும். பிழை எங்கே பிறந்தது என்று பார்க்கவேண்டும். பேசிக்கும் இதே முறைதான்.

அந்தத் தாயாரின் பேசியில் நாங்கள் கண்டதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் திரை என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

திரையோடு சேர்ந்து இடம்பெயர்பவை

நாம் தொடும் திரை ஒரே தகடு போலத் தோன்றினாலும் அதில் மூன்று அடுக்குகள் உள்ளன. மேலே கண்ணாடி, அதன் கீழே விரல்படுவதை உணரும் அடுக்கு, அதற்கும் கீழே படத்தைக் காட்டும் பலகை. இவை மூன்றும் ஒட்டப்பட்டிருப்பதால் பெரும்பாலும் மொத்தமாகவே மாற்றுகிறார்கள். கடைக்காரர்கள் இதைத்தான் 'எல்.சி.டி. மாற்றுவது' என்கிறார்கள்.

திரையைச் சுற்றியும் அதன் அடியிலும் வேறு பல உறுப்புகள் இருக்கின்றன. மேல்விளிம்பில் காதுக்கான ஒலிபெருக்கி, முன்பக்கப் படக்கருவி, முகம் அருகில் வந்ததை அறியும் அண்மை உணரி, வெளிச்சத்தை அளக்கும் ஒளி உணரி ஆகியவை அமைந்துள்ளன. சில பேசிகளில் ரேகை படிக்கும் உணரியும் திரைக்கு அடியிலேயே உண்டு. திரையைக் கழற்ற வேண்டுமானால் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கவேண்டும். நாடா போன்ற மெல்லிய இணைப்புகளை விடுவிக்கவேண்டும். பழைய திரையில் ஒட்டியிருக்கும் சிறு பாகங்களை எடுத்துப் புதியதில் பொருத்தவேண்டும். நெரிசலான கடையில் அரைமணி நேரத்தில் இத்தனையும் நடக்கிறது.

ஆகவே திரை மாற்றிய பின் ஒரு வசதி நின்றுபோனால் அதற்கு மூன்றே வகைக் காரணங்கள் இருக்கமுடியும் என்று நான் வகுத்துவைத்திருக்கிறேன். ஒன்று, ஏதோ ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது அல்லது சரியாக அமரவில்லை. இரண்டு, பொருத்திய திரையின் தரம் வேறு. மூன்று, நிறுவனமே மென்பொருளால் பூட்டிவைத்திருக்கிறது. முதல் வகையைக் கடைக்காரர் சரிசெய்ய முடியும். சரிசெய்து தரவும் வேண்டும். இரண்டாம் வகை எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. வேறு திரைதான் போடவேண்டும். மூன்றாம் வகைக்குச் சில வேளைகளில் நிறுவனத்தின் கருவியோ மென்பொருள் புதுப்பிப்போ தீர்வாகும்.

வகை ஒன்று: விடுபட்டவையும் இடம் மாறியவையும்

அழைப்பின்போது திரை இருண்டு மீளாத கோளாறு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. அண்மை உணரி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெளியே அனுப்புகிறது. அவ்வொளி கன்னத்தில் பட்டுத் திரும்பினால், முகம் அருகில் இருக்கிறது என்று முடிவுசெய்து திரையை அணைக்கிறது. ஒளியை அனுப்பும் பகுதிக்கும் வாங்கும் பகுதிக்கும் நடுவே சிறிய இரப்பர்த் தடுப்பு ஒன்று இருக்கும். திரையை மாற்றும்போது அது பழைய திரையோடு போய்விட்டால், அனுப்பிய ஒளி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். பேசி தன் காதருகே எப்போதும் ஒரு முகம் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். உணரியின் மேல் பசை படிந்தாலும், நாம் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி அவ்விடத்தை மறைத்தாலும் இதே நிலைதான்.

குரல் மங்கலாகக் கேட்பதற்குக் காரணம், காதொலிபெருக்கியின் முன்னே இருக்கும் நுண்வலை. பழைய வலையில் தூசும் வியர்வையும் அடைத்திருக்கும். அல்லது புதிய பசை வழிந்து மூடியிருக்கும். வெளிச்சம் தானாக மாறாமற்போவதற்கு ஒளி உணரிக்கு நேராகத் திரையின் பின்புறம் இருக்கவேண்டிய துளை மறைக்கப்பட்டிருப்பது ஒரு காரணம். முன்பக்கப் படம் புகைமூட்டமாகத் தெரிந்தால் படக்கருவியின் மேல் கைரேகையோ பசையோ படிந்திருக்கலாம். தொடாமலே திரை தானாக இயங்கினால் நாடா இணைப்பு சரியாக அமரவில்லை என்று ஐயுறலாம். திரையே மட்டமானதாகவும் இருக்கலாம்.

இவற்றை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கமுடியும். பல சாம்சங் பேசிகளில் எண்பலகையைத் திறந்து *#0*# என்று அழுத்தினால் ஒரு சோதனைப் பட்டியல் வரும். அதில் உணரிகளுக்கான பகுதியைத் திறந்து, மேல்விளிம்பைக் கையால் மறைத்துப் பாருங்கள். மறைக்கும்போதும் விடும்போதும் காட்டும் அளவு மாறினால் உணரி உயிரோடுதான் இருக்கிறது. சியாவ்மி பேசிகளில் *#*#6484#*#* என்பது அத்தகைய பட்டியலைத் திறக்கும். அண்மை உணரியை மீண்டும் அளவுசெய்யும் வசதியும் அங்கு உண்டு. இப்பட்டியல்கள் சோதிப்பதற்கு மட்டுமே. பொருள் தெரியாத எதையும் அழுத்தாதீர்கள்.

வகை இரண்டு: தரம் மாறிய திரை

படம் காட்டும் பலகைகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. எல்.சி.டி. பலகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும். ஓலெட் பலகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; பின்விளக்கு தேவையில்லை. ஓலெட் திரையோடு வந்த பேசிக்கு மலிவான எல்.சி.டி. திரையைப் பொருத்துவது கடைகளில் பரவலாக நடக்கிறது. படம் தெரியும், விரலும் நகரும். ஆனால் திரைக்கு அடியில் ரேகை படிக்கும் பேசிகளில் ரேகை வேலை செய்யாது.

காரணம் எளிது. திரைக்கடியில் உள்ள ஒளியியல் உணரி ஒரு சிறிய படக்கருவி போன்றது. விரலை வைத்ததும் அவ்விடத்துப் புள்ளிகள் பளிச்சென்று ஒளிர்ந்து விரலை வெளிச்சமிடும். அவ்வெளிச்சம் திரும்பிப் புள்ளிகளின் இடைவெளி வழியாகக் கீழே உணரிக்குப் போகும். எல்.சி.டி. திரையில் பின்விளக்கு அடுக்கு குறுக்கே நின்று அவ்வழியை அடைத்துவிடும். உணரி நன்றாகவே இருந்தாலும் அதற்குக் கண் தெரியாது. இந்நிலையில் ரேகையை அழித்து மீண்டும் பதிவதும், பேசியை முழுவதுமாக அழித்துத் தொடங்குவதும் வீண். படங்களும் குறிப்புகளும் போனதுதான் மிச்சமாகும்.

எந்தத் திரை பொருத்தப்பட்டது என்று அறிய ஒரு சோதனை உண்டு. முற்றிலும் கறுப்பான ஒரு படத்தைத் திரை முழுதும் திறந்துகொண்டு இருட்டறைக்குள் போங்கள். ஓலெட் என்றால் திரை அறையின் இருளோடு கலந்து மறைந்துவிடும். எல்.சி.டி. என்றால் சாம்பல் நிறத்தில் மெல்ல ஒளிரும். பேசி எவ்வகைத் திரையோடு வெளிவந்தது என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ரேகை உணரி பக்கவாட்டுப் பொத்தானிலோ பின்புறத்திலோ இருந்தால் இக்கதை பொருந்தாது. அங்கே ரேகை நின்றுபோனால் நாடா இணைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

வகை மூன்று: நிறுவனத்தின் பூட்டு

மூன்றாவது வகைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் வரலாறே தக்க சான்று. ரேகைப் பொத்தான் இருந்த ஐபோன்களில் பொத்தானும் தாய்ப்பலகையும் தொழிற்சாலையிலேயே இணை சேர்க்கப்பட்டன. வெளிக்கடையில் திரையோடு பொத்தானையும் மாற்றியவர்கள் தங்கள் ஐபோனின் மென்பொருளைப் புதுப்பித்தபோது, '53ஆம் பிழை' என்ற அறிவிப்போடு பேசி முற்றிலும் செயலிழந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2016 பிப்ரவரியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தத்தை வெளியிட்டது. ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. பேசியை வெளியார் பழுதுபார்த்தார் என்பதற்காகவே பயனீட்டாளரின் உரிமை போய்விடாது என்ற நிலைப்பாடு அவ்வழக்கில் உறுதிப்பட்டது. 2018 ஜூனில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 90 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி அபராதம் விதித்தது.

அதன் பின்னும் இத்தகைய நிகழ்வுகள் தொடர்ந்தன. 2018இல் ஐ.ஓ.எஸ். 11.3 வந்தபோது, வெளிக்கடைத் திரை போட்ட சில ஐபோன் 8 பேசிகளில் தொடுவுணர்வு நின்றது, 11.3.1 அதைச் சரிசெய்தது. 2021இல் வெளிவந்த ஐபோன் 13இல் திரையை மாற்றினாலே முகவடையாளம் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 15.2 அதனைத் தீர்த்தது. சுற்றுப்புற ஒளிக்கேற்ப நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்' வசதி திரை மாற்றியபின் காணாமற்போவதும் இதைப் போன்றதே. அதற்கான தரவு பழைய திரையின் சில்லில் இருக்கிறது. கருவி வைத்திருக்கும் கடைக்காரர் பழைய திரையிலிருந்து அதனை எடுத்துப் புதியதில் எழுதித் தருவார். பழைய திரை குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டால் அந்த வழியும் அடைபடும்.

2024 செப்டம்பரில் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 18 முதல், ஐபோன் 12க்கும் அதற்குப் பிந்திய பேசிகளுக்கும் 'பழுதுபார்ப்பு உதவியாளர்' என்ற வசதி கிடைக்கிறது. நிறுவனத்தின் அசல் பாகத்தைப் பொருத்தியபின் பேசியிலேயே அதை அளவுசெய்துகொள்ளலாம். கூகுள் நிறுவனமும் பிக்சல் 6 முதலான பேசிகளில், திரை மாற்றியபின் ரேகை உணரியை அளவுசெய்ய இணையத்தில் ஒரு கருவியை வைத்திருக்கிறது. ஆதலால் இவ்வகைப் பழுதில் முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்ப்பது முறையாகும். ஐபோன் வாங்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் அமைப்புகளில் 'பொது', 'அறிமுகம்' என்று சென்றால் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதைப் புதிய பேசிகள் காட்டும்.

வீட்டில் செய்யவேண்டிய வரிசை

முதலில் பாதுகாப்புக் கண்ணாடியை உரித்துவிட்டுச் சோதியுங்கள். திரை மாற்றிய கடையில் கண்ணாடியையும் புதிதாக ஒட்டியிருப்பார்கள். தடித்த கண்ணாடி, திரைக்கடியில் உள்ள ரேகை உணரிக்கும் அண்மை உணரிக்கும் இடையூறு செய்யும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்துப் பேசியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் செய்யுங்கள். பின்னர் நான் மேலே சொன்ன சோதனைப் பட்டியலையும் இருட்டறைச் சோதனையையும் செய்யுங்கள்.

ரேகையை அழித்துப் புதிதாகப் பதிவது இறுதியாகத்தான் வரவேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ரேகையை மாற்றினால் பல வங்கிச் செயலிகள் பழைய அனுமதியை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லைக் கேட்கும். நெடுநாள் ரேகையாலேயே திறந்து பழகியவர்களுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். ஆகவே கடவுச்சொல் நினைவில் உண்டா என்று பார்த்துக்கொண்டு பிறகு கைவையுங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் பேசிக்கு வருவோம். கண்ணாடியை உரித்ததும் அழைப்பின்போது இருளும் கோளாறு நின்றது. கண்ணாடியின் கறுப்பு விளிம்பு உணரியின் மேல் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ரேகை மட்டும் வரவில்லை. பொருளறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புப் படத்தைத் திறந்தோம். திரை சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. ஓலெட் திரையோடு வந்த பேசி அது. மகள் பக்கத்தில் நின்று, "அம்மா, இருட்டுலயும் வெள்ளையா தெரியுது" என்றாள். எனக்கு முன்னால் அவளே விடையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பேசி கெட்டுப்போகவில்லை. திரைதான் வேறு. இதை அவருக்கு விளக்கினேன். அவர் வங்கிக்குச் சென்று கடவுச்சொல்லைப் புதுப்பித்துக்கொண்டார். இப்போது ஆறிலக்க எண்ணால் செயலியைத் திறக்கிறார். கடையில் தவுக்கேயிடம் கேட்டபோது, கூடுதல் தொகை கொடுத்தால் ஓலெட் போட்டுத் தருவதாகச் சொன்னாராம். "ரேகை இல்லாட்டி பரவால்ல டீச்சர், நம்பர் போதும்" என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். ஓராண்டுத் தவணை மிஞ்சியது. பள்ளிப் பேருந்துக் கட்டணம் தவறாமல் வருகிறது.

கடைக்குப் போகும்போது

இவ்வளவு தொல்லையும் கடையிலேயே தவிர்க்கக்கூடியது. கொடுக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். வங்கிச் செயலியின் கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள். பேசியின் பூட்டெண்ணைக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுப்பது நல்லதன்று. சாம்சங் பேசிகளில் 2022 முதல் 'பராமரிப்பு முறை' என்ற வசதி வந்திருக்கிறது. பிக்சல் பேசிகளில் 2023 இறுதியிலிருந்து அதையொத்த வசதி உண்டு. அதை இயக்கிக் கொடுத்தால் பழுதுபார்ப்பவர் பேசியைச் சோதிக்கலாம். நம் படங்களையோ செய்திகளையோ பார்க்கமுடியாது.

விலை பேசும்போது 'ஓரி', 'காப்பி' என்று சொல்வார்கள். அத்தோடு விட்டுவிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஓலெட்டா, எல்.சி.டி.யா? ரேகை வேலை செய்யுமா? எத்தனை நாளுக்கு உத்தரவாதம்? விடைகளை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மலிவான திரையைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. தெரியாமல் வாங்கித் தெரியாமல் ஏமாறுவதுதான் வருத்தத்திற்குரியது.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று ஐந்து நிமிடம் சோதியுங்கள். ஒருவரை அழைத்துக் காதில் வைத்துத் திரை அணைகிறதா, எடுத்ததும் எரிகிறதா என்று பாருங்கள். குரல் தெளிவாகக் கேட்கிறதா, நம் குரல் அவருக்குப் போகிறதா என்று கேளுங்கள். முன்பக்கப் படம் எடுங்கள். ரேகையையோ முகத்தையோ வைத்துத் திறங்கள். ஒரு சின்னத்தை விரலால் பிடித்துத் திரையின் எல்லா மூலைகளுக்கும் இழுத்துப் பாருங்கள். இறுதியாகப் பழைய திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுபட்ட இரப்பர்த் தடுப்போ வலையோ அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் மறவாதீர்கள். ஒருமுறை திறந்த பேசி முன்போல் நீரைத் தாங்கும் என்று நம்பவேண்டா. மழையில் நனையும் வேலை செய்பவர்கள் நெகிழிப் பையில் வைத்துக்கொள்வது நலம்.

நமக்குள்ள உரிமை

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். பழுதுபார்ப்பவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்யவேண்டும் என்பது அதில் அடங்கியுள்ள உத்தரவாதம். கடைக்காரர் செவிசாய்க்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தை நாடலாம். மலாயில் 'திரிபுனல் துன்துத்தான் பெங்குனா' என்பார்கள். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. விலைச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதற்காகத்தான்.

பிற நாடுகளில் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பாகங்களை மென்பொருளால் பூட்டி வெளியார் பழுதுபார்ப்பைத் தடுக்கும் வழக்கத்துக்குத் தடைவிதித்தது. 2025 தொடக்கத்திலிருந்து தயாரிக்கப்படும் கருவிகளுக்கு அத்தடை பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, ஒரு பேசியின் விற்பனை நின்றபிறகும் ஏழாண்டுகளுக்கு முக்கியப் பாகங்கள் கிடைக்கச் செய்யவேண்டும். அங்கே ஏற்படும் மாற்றத்தின் பயன் பேசியின் வடிவமைப்பு வழியாக நம் ஊருக்கும் ஒருநாள் வந்து சேரும் என எதிர்பார்க்கலாம்.

அதுவரை நம் கையில் உள்ளவை இந்தச் சிறு சோதனைகள்தாம். அடுத்தமுறை யாராவது உங்களிடம் "புதுசு வாங்கிடுங்க" என்று சொன்னால், "பழுது எந்த வகை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடுபட்டதா, தரம் மாறியதா, பூட்டப்பட்டதா என்று அவர் சொல்லட்டும். அவரால் சொல்லமுடியாவிட்டால், நீங்களே வீட்டில் விளக்கை அணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது அறிவியல் பாடமாகவும் அமையும்.